தொரட்டி கற்றுத்தரும் பாடம்

பத்தாம் வகுப்பில் நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கடப்பாரை, கத்தரிக்கோல், பாக்குவெட்டி என்று மாணவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். வீட்டுக் கூரைச் சரிவில் செருகிக் கிடக்கும் தொரட்டியை யாரும் சொல்வதில்லை. முருங்கைக்காய் பறிக்கவும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும், புளியங்காய் இழுக்கவும் அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்தான் அது. ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பற்றி வகுப்பில் பேசக் கூச்சப்படுவதும் உண்டு. நான் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். தொரட்டியை மையமாக வைத்துச் சில ஆண்டுகளாக நடத்திவரும் பாடத் தொகுப்பை இங்கே பகிர்கிறேன். தமிழ், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்தும் நடத்தலாம், தனித்தனியாகவும் நடத்தலாம்.

தொடங்குமுன் ஒரு விதி. இந்தப் பாடத்தில் எந்த மாணவரும் கிளை வெட்டுவதில்லை. வகுப்புக்கு வரும் கோலில் அரிவாள் இருக்காது. கழியும் கயிறும் கோணமானியும் கண்களும் போதும்.

பெயரிலிருந்து தொடங்கலாம்

தொடக்கநிலை வகுப்புகளுக்கு இதுவே முழுப் பாடமாக அமையும். நீளக் கழியின் நுனியில் கொக்கி அல்லது வளைந்த அரிவாள் கட்டிய கருவிக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். தொரட்டி, துறட்டி, துறட்டுக்கோல் என்று பல வடிவங்கள் வரும். கொங்குப் பகுதியில் அலக்கு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கொக்கத்தடி. தாத்தா, பாட்டியிடம் கேட்டு வந்து எழுதச் சொன்னால் ஊருக்கு ஒரு சொல் பட்டியலே சேர்ந்துவிடும். கொக்கி போல் வளைந்த முள் உள்ள செடிக்குத் தொரட்டிச் செடி என்று பெயர் வந்த காரணத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எந்த மரத்துக்கு எவ்வளவு நீளக் கோல் வேண்டும் என்று சாண், முழம், மீட்டர் மூன்றிலும் அளக்கச் சொன்னால் அளவியலும் சேர்ந்துவிடும்.

நுனியில் உள்ள அரை கிலோ

பத்தாம் வகுப்பின் விசையின் திருப்புத்திறனுக்கு இந்தச் செயல்பாடு பொருந்தும். 4 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 2 கிலோ எடையும் உள்ள காய்ந்த மூங்கில் கழியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாளுக்குப் பதிலாக, நீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலை நுனியில் கட்டுங்கள். மொத்தம் இரண்டரை கிலோதான். ஒரு மாணவர் அடிமுனையை ஒரு கையாலும், அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி மறு கையாலும் பிடித்து, கழியைக் கிடைமட்டமாக இடுப்பு உயரத்தில் நிறுத்தட்டும். சிறிது நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். இரண்டரை கிலோவுக்கா இந்த நடுக்கம் என்று வகுப்பு கேட்கும். அப்போது கரும்பலகைக்குப் போகலாம்.

முன்கையைச் சுழல் புள்ளியாகக் கொள்வோம். பாட்டிலின் எடை 5 நியூட்டன், தொலைவு 3 மீட்டர், திருப்புத்திறன் 15. கழியின் எடை 20 நியூட்டன். அது நடுப்புள்ளியில், அதாவது முன்கையிலிருந்து 1 மீட்டரில் செயல்படுகிறது என்று கொண்டால் திருப்புத்திறன் 20. மொத்தம் 35 நியூட்டன் மீட்டர். இதைச் சமன் செய்யப் பின்கை 35 நியூட்டன் விசையுடன் கீழே அழுத்த வேண்டும். ஆகவே முன்கை தாங்குவது 25 + 35 = 60 நியூட்டன். இரண்டரை கிலோப் பொருள் கைக்கு ஆறு கிலோவாகக் கனக்கிறது.

முன்கையை இன்னும் அரை மீட்டர் முன்னே நகர்த்தி, அதே கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். முன்கைச் சுமை 40 நியூட்டனாகக் குறையும். கைகளை அகட்டிப் பிடி என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான். கழியை நிமிர்த்த நிமிர்த்தச் சுமை ஏன் குறைகிறது என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். தரையோடு 60° கோணத்தில் பிடிக்கும்போது கிடைத்தொலைவு பாதியாகிறது, திருப்புத்திறனும் பாதியாகிறது.

எட்டாம் வகுப்பில் அழுத்தம் நடத்தும்போது அரிவாளின் கூர்மையைப் பேசலாம். 100 நியூட்டன் விசையில் இழுக்கிறோம், கிளையில் படியும் விளிம்பு 20 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர். மழுங்கி 1 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் பரப்பு 20. இழுப்பு மாறவில்லை, அழுத்தம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மழுங்கிய அரிவாள் கிளையை அறுக்காமல் கிழிப்பது இதனால்தான்.

எங்கே நிற்பது?

‘உயரங்களும் தொலைவுகளும்’ நடத்தும் கணக்கு ஆசிரியருக்கான பகுதி இது. 4 மீட்டர் கோலைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப, பிடித்த இடத்திலிருந்து நுனி எட்டும் உயரத்தையும், நமக்கும் நுனியின் நேர்கீழ்ப் புள்ளிக்கும் உள்ள தொலைவையும் கணக்கிடச் சொல்லுங்கள்.

45° : உயரம் 2.83 மீட்டர், தொலைவு 2.83 மீட்டர்
60° : உயரம் 3.46 மீட்டர், தொலைவு 2.00 மீட்டர்
75° : உயரம் 3.86 மீட்டர், தொலைவு 1.04 மீட்டர்

விடைகளை எழுதிய பின் கடைசி இரண்டு வரிகளை ஒப்பிடச் சொல்லுங்கள். 60°-இலிருந்து 75°-க்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் உயரம் 40 சென்டிமீட்டர்தான். அதற்காக விட்டுக்கொடுப்பதோ ஏறத்தாழ ஒரு மீட்டர் பாதுகாப்பு இடைவெளி. எட்டவில்லையே என்று மரத்தடிக்கு நெருங்கி நெருங்கிப் போகிறவர், விழும் கிளைக்குக் கீழே போய் நிற்கிறார். தொரட்டி நம்மை நோக்கி இழுக்கும் கருவி என்பதால், அறுந்த கிளையும் சற்று நம் பக்கமே வரும். எட்டாத கிளைக்கு நீளமான கோல் வேண்டும், அல்லது அந்தக் கிளையை விட்டுவிட வேண்டும். சைன், கோசைன் அட்டவணை ஓர் உயிரைக் காக்கும் இடம் இது என்று சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது.

கிளையின் உயரத்தை அளக்கக் கோணமானி, நூல், சிறு கல் மூன்றும் போதும். மாணவர்களே ஏற்றக்கோணமானி செய்து, மரத்தடிக்குப் போகாமல் தொலைவில் நின்றே உயரத்தைக் கணிக்கலாம்.

இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, ஆடு வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “பச்சக் கிளையில மாட்டி இழுத்துட்டுப் பாதியில விடக் கூடாது சார். நாம இழுத்த அளவுக்கு அதுவும் நம்மள இழுத்து வச்சிருக்கும். விட்டா கோலு தெறிச்சு வரும்” என்றாள். நியூட்டனின் மூன்றாம் விதியையும் மீட்சி ஆற்றலையும் இதைவிடத் தெளிவாக நான் விளக்கியதில்லை. அன்று கரும்பலகையில் அவளையே படம் வரைந்து விளக்கச் சொன்னேன்.

எங்கே வெட்டுவது?

இந்தச் செயல்பாட்டுக்குக் கழிகூட வேண்டாம். பள்ளி வளாகத்து வேம்பு, புங்கன், வாகை மரங்களில் முன்பு கிளை வெட்டிய தடங்களைத் தேடிப் பார்க்கும் கள ஆய்வு இது. மாணவர்கள் மூன்று வகைத் தடங்களைக் காண்பார்கள். ஒன்று, மோதிரம் போலச் சுற்றிலும் பட்டை வளர்ந்து மூடிய வட்டம். இரண்டு, நீட்டிக்கொண்டு காய்ந்து, உளுத்துப்போன முளை. மூன்று, தண்டோடு நீளமாகப் பட்டை உரிந்த வடு.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த வளையம் போன்ற பகுதி இருக்கும். அதை ஒட்டி வெளியே, அதைக் காயப்படுத்தாமல் வெட்டினால் முதல் வகை கிடைக்கும். தள்ளி வெட்டினால் முளை மிஞ்சும், உளுப்பு உள்ளே இறங்கும். கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் அது பாதியில் முறிந்து, தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அதைத் தடுக்க முதலில் தண்டிலிருந்து தள்ளி, கிளையின் அடிப்பக்கம் சிறிது அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்க வேண்டும். கடைசியாக, மிஞ்சிய முளையை வளையத்தை ஒட்டி நீக்க வேண்டும். இதற்குக் கோலின் நுனியில் பொருத்திய ரம்பம் உண்டு. தொரட்டி, மெல்லிய கிளைகளுக்கான கருவி.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து ஆராய்ந்தவர். நம் தோலைப் போல மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை ஒதுக்கிவிட்டு, புதிய பகுதியை மேலே வளர்க்கிறது என்று அவர் விளக்கினார். பழைய காயம் உள்ளே அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும், போகிற போக்கில் கிளை ஒடிக்கும் கைகள் கொஞ்சம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒடித்து வளர்ப்பது

நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். செடிமுருங்கை 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வது இதனால்தான். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் வெட்டிவிட்டால் அது மறுபடி துளிர்க்கும். காய்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். எளிதில் முறியும் முருங்கையில் ஏறவும் வேண்டாம்.

“முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்” என்ற பழமொழியை இங்கே தவறாமல் எழுதிப் போடுகிறேன். முதல் பாதியை நுனி ஆதிக்கம் மெய்ப்பிக்கிறது. இரண்டாம் பாதியை, உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மறுக்கிறது. பிள்ளைக்கு நுனி மொட்டு கிடையாது என்று ஒரு மாணவர் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது.

கோலும் மின்கம்பியும்

வேறு எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டுமாவது நடத்திவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு பள்ளிகளில் காய்ந்த கிளைகளை அகற்றுவது வழக்கம். அந்த நேரத்தில் ஆளுக்கொரு கோலை எடுப்பதுதான் ஆபத்து. அலுமினியக் கோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பச்சை மூங்கிலில் ஈரம் இருப்பதால் அதுவும் கடத்தும். காய்ந்த மூங்கில் மழையில் நனைந்தால் அதே கதைதான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், தெருவில் செல்லும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் எந்தக் கழியையும் பாதுகாப்பு என்று நம்பக் கூடாது.

மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டியவை:

1. கோலை உயர்த்துமுன் கிளையைப் பார்க்காதே, முதலில் கம்பியைப் பார்.
2. கோலின் நுனியோ, வெட்டும் கிளையோ கம்பிக்கு மூன்று மீட்டருக்குள் வருமானால் அது நம் வேலை இல்லை. மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
3. கம்பியில் கிடக்கும் பட்டத்தையோ கிளையையோ கோலால் இழுக்காதே.
4. ஒருவர் மின்சாரம் தாக்கிக் கோலோடு கிடந்தால் அவரைத் தொடாதே. பெரியவர்களைக் கூப்பிடு, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்.

பள்ளியில் கிளை அகற்ற வேண்டியிருந்தால், தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, பழகிய ஆட்களைக் கொண்டு, மாணவர் இல்லாத நேரத்தில் செய்வதே முறை. கிளையில் கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மாணவர்களுக்குத் தரலாம். அதைத் தரையில் நின்றே செய்யலாம்.

மதிப்பீடு

தேர்வுத் தாள் வேண்டாம். வளாகத்தில் ஒரு மரத்தை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். மரத்தின் படம், குறிப்பிட்ட ஒரு கிளையின் உயரம், தேவைப்படும் கோல் நீளம், நிற்க வேண்டிய இடம், வெட்ட வேண்டிய புள்ளி, அருகில் உள்ள மின்கம்பியின் தொலைவு ஆகியவற்றை ஒரே தாளில் குறித்துத் தரட்டும். தாளின் அடியில் ஒரு கேள்வி மட்டும் இருக்கட்டும்: ‘இந்தக் கிளையை வெட்டத்தான் வேண்டுமா? ஏன்?’ வேண்டாம் என்று காரணத்தோடு எழுதும் குழுவுக்கும் முழு மதிப்பெண் உண்டு.