நம் பிரதிநிதியின் பற்று வரவு

தேர்தல் காலத்தில் நம் கடைவாசலுக்கு வந்து கை கொடுக்காத அபேட்சகர் இல்லை. ஓட்டுப் போட்ட மறுநாள் முதல் அவர் சபையில் என்ன செய்தார் என்று விசாரிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒரு மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுத்தாலும் சிட்டையில் குறித்து வைக்கிறோம். ஐந்து வருஷத்துக்கு ஓர் அமானிதத்தை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, ஏட்டைத் திறந்தும் பார்ப்பதில்லை. பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவரின் கணக்கை வாசிப்பது எப்படி என்பதே இன்றைய பாடம். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. புக்கிட் காத்தில் தொகுதியையே எடுத்துக்கொள்வோம்.

1. தொகுதியும் ஆட்களும்

புக்கிட் காத்தில் என்ற பெயரில் பார்லிமெண்டுத் தொகுதி 2004 தேர்தலில்தான் முதன்முதலாக வந்தது. அந்தத் தேர்தலிலும் 2008 தேர்தலிலும் அம்னோ கட்சியார் வென்றனர். 2013-இல் கெஅடிலான் கட்சியின் ஜனாப் ஷம்சுல் இஸ்கந்தர் முஹம்மது அகின், அப்போது மலாக்கா முதலமைச்சராக இருந்த ஜனாப் முஹம்மது அலி ருஸ்தமையே தோற்கடித்தார். 2018-இல் எல்லைகளைத் திருத்தியபோது தொகுதியின் பெயர் ஹங் துவா ஜெயா என்று மாறியது. புக்கிட் காத்தில் என்ற பெயர் சட்டமன்றத் தொகுதிக்கு மட்டும் நிற்கிறது. ஏடு தேடுகிறவர்கள் இந்தப் பெயர் மாற்றத்தை மறக்கக் கூடாது.

2018-இலும் ஜனாப் ஷம்சுல் வென்று மூலத் தொழில் இலாகாவின் உபமந்திரியானார். 2020 பிப்ரவரியில் அவர் கட்சியிலிருந்து பலர் பிரிந்து போய் சர்க்கார் கவிழ்ந்தபோது அவர் கட்சி மாறவில்லை. 2022-இல் இத்தொகுதியை விட்டுப் பேராக் மாநிலத்தின் பாகன் டத்தோவில் நின்று, 348 ஓட்டில் தோற்றார். இங்கே அதே கட்சியின் ஜனாப் ஆடம் அட்லி அப்துல் ஹலீம் வென்றார்.

இதுவரை சொன்னது ஆளின் வரலாறு. கடையின் பெயர்ப்பலகையைப் படித்தது போலத்தான். இனி உள்ளே போய்ப் பேரேட்டைப் பார்க்க வேண்டும்.

2. பெயர் எழுதாத ஓட்டும் பெயர் எழுதும் ஓட்டும்

மக்கள் சபையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்பார், ஆம் என்றும் இல்லை என்றும் குரல் எழும், எந்தக் குரல் பெரிது என்று அவரே தீர்ப்பார். யார் எந்தப் பக்கம் என்பதற்கு அதில் எழுத்து இல்லை.

15 அங்கத்தினர்கள் எழுந்து நின்று கேட்டால்தான் ‘பெலா பஹாகியான்’ என்ற பிரிவு ஓட்டு நடக்கும். அதில்தான் ஒவ்வொருவர் பெயரும் ஏறும். 2020 நவம்பர் 26 அன்று, 2021-ஆம் வருஷ வரவு செலவுத் திட்டத்தின் கொள்கை நிலையில் பிரிவு ஓட்டுக் கேட்டு எழுந்தவர்கள் 13 பேரே. இரண்டு பேர் குறைந்ததால் பெயர்கள் ஏறாமல் திட்டம் தாண்டிப்போயிற்று. டிசம்பர் 15 அன்று மூன்றாம் வாசிப்பில் பெயரோடு ஓட்டு எடுத்தபோது 111-க்கு 108. மூன்றே ஓட்டு வித்தியாசம்! ஆகவே எழுந்து நின்றாரா என்பதும் ஓர் அங்கத்தினரின் கணக்கில் ஒரு வரவுதான்.

3. வராதவர் கணக்கு

நம் எல்லோரையும் தொட்ட ஒரு சட்டம் ஜி.எஸ்.டி. வரி. 2014 ஏப்ரல் 7 அன்று மக்கள் சபை அதை 119-க்கு 81 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 2015 ஏப்ரல் 1 முதல் 6 சதவீதம் வரி. வருஷ விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைக்காரர்கள் பதிவு செய்து கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2018 ஜூன் 1 அன்று வரி பூஜ்யமாகி, செப்டம்பர் 1 முதல் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பின. அத்தனை பில் புத்தகங்களும் மாறியதற்குக் காரணம் சபையில் ஒரு நாள் விழுந்த ஓட்டுகள்.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய பாடம் கிடைத்தது. விசாரணையின்றி ஒருவரை இரண்டு வருஷம் வரை காவலில் வைக்க இடம் தரும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா, 2015 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவு தாண்டி நிறைவேறியது. ஆதரவு 79, எதிர்ப்பு 60. சபையில் 222 ஆசனங்கள். ஓட்டளித்தவர்கள் 139 பேரே. 2013 தேர்தலில் எதிர்க்கட்சிகள் வென்ற இடங்கள் 89. எதிர்த்து விழுந்த ஓட்டோ 60. ஆளும் பக்கம் வென்ற இடங்கள் 133. ஆதரித்து விழுந்த ஓட்டோ 79. இரு பக்கத்திலும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பற்றிய சட்டம் இப்படி முடிந்தது. நோயோ பிரயாணமோ காரணமாயிருக்கலாம். ஆனால் வராதவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

அரசியல் சட்டத்தைத் திருத்த 148 ஓட்டு வேண்டும். சபா, சரவாக் மாநிலங்களின் நிலை பற்றிய திருத்தம் 2019 ஏப்ரல் 9 அன்று ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 138, நடுநிலை 59. மசோதா தோற்றது. இப்படிப்பட்ட ஓட்டில் ‘நான் நடுநிலை’ என்பது எதிர்த்ததற்குச் சமம். அதற்கு மாறாக, ஓட்டு வயதை 18 ஆக்கிய திருத்தத்துக்கு 2019 ஜூலை 16 அன்று 211 ஓட்டுகள் விழுந்தன, எதிர்ப்பு ஒன்றுமில்லை.

4. ஏட்டைப் பார்க்கும் இடம்

சபையில் பேசிய பேச்சு முழுவதும் ‘பென்யாதா ரஸ்மி’ என்ற அறிக்கையில் மலாயில் வெளியாகிறது. பார்லிமெண்டின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். பிரிவு ஓட்டு நடந்த நாளின் அறிக்கையை எடுங்கள். ஆதரித்தோர், எதிர்த்தோர், வராதோர் என்ற பட்டியல்களில் நம் அங்கத்தினர் பெயர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். மலாய் சரளமாகப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணியில் தேடித் தருவார்கள்.

5. நியாயத் தராசு

ஓட்டை மட்டும் வைத்து ஆளை எடை போடுவதும் சரியாகாது. கட்சியின் கட்டளை ஒருவரைக் கட்டுப்படுத்தும். உபமந்திரியாக இருப்பவர் தம் சர்க்காரின் மசோதாவை எதிர்ப்பது வழக்கமில்லை. ஆகவே சபையில் அவர் கேட்ட கேள்விகளையும், பேசிய பேச்சையும், கட்சி மாறினாரா என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். நமக்குப் பிடித்த கட்சிக்கு ஒரு படிக்கல், பிடிக்காத கட்சிக்கு வேறு படிக்கல் வைப்பது வியாபாரிக்கு அழகல்ல.

வினாக்கள்

1. உங்கள் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் யார்? எந்த வருஷத்திலிருந்து?
2. கடைசியாக நடந்த பிரிவு ஓட்டில் அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?
3. அன்று வராதிருந்தால் அவர் சொன்ன காரணம் என்ன?
4. சிறு வியாபாரிகளைப் பற்றி அவர் சபையில் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்ல முடியுமா?

விடைகளை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் அபேட்சகர் கை கொடுக்க வரும்போது, அந்தத் தாளை எடுத்து அவரிடம் மரியாதையாகவே கேட்கலாம்.