நெருப்பு தரும் குளிர்

நெருப்பு சுடும், பனி குளிரும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், நெருப்பை மூட்டிக் குளிரை உண்டாக்கும் கருவி ஒன்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அதுவே எரிவாயுக் குளிர்பதனப் பெட்டி. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் மின்கம்பி எட்டாத இடங்களில் கூடாரமிட்டுத் தங்குவோர், பாலும் காய்கனிகளும் கெடாதிருக்க இப்பெட்டியை உடன் கொண்டு செல்கின்றனர். முறையறிந்து கையாண்டால் இது நல்ல துணை. முறை தவறினால் உயிருக்கே தீங்கு.

இயங்கும் முறை

1922 ஆம் ஆண்டில், ஸ்டாக்ஹோம் நகரில் பொறியியல் பயின்ற பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் மாணவர் இருவர் இக்கருவியை வடிவமைத்தனர். 1925 இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

பெட்டியின் பின்புறக் குழாய்களில் அம்மோனியா கரைந்த நீரும் ஹைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டுள்ளன. அடியில் எரியும் சிறு சுடர் அந்நீரைச் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து மேலே செல்கிறது. அங்கே தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து நீர்மமாகிறது. பின்னர், ஹைட்ரஜன் உள்ள குழாயில் அது மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. பெட்டி குளிர்கிறது. அம்மோனியா திரும்பவும் நீரில் கரைகிறது, சுழற்சி தொடர்கிறது. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதும் இத்தகைய செயலே.

இதில் மோட்டாரும் இல்லை, ஓசையும் இல்லை. குழாய்களில் நீர்மம் தன் எடையாலேயே இறங்கி ஓடவேண்டும். ஆகவே பெட்டி சாய்வின்றி நிற்றல் இன்றியமையாதது.

இணைக்கும் முறை

1. பெட்டியைத் திறந்த வெளியில், நிழலில், சமதளத்தில் வைத்தல் வேண்டும். சமநிலையை ரசமட்டம் கொண்டு அறியலாம்.
2. எரிவாயு சிலிண்டரை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். படுக்கவைத்தால், வாயுவுக்கு மாறாகத் திரவமே குழாயினுள் பாயக்கூடும்.
3. பெட்டியின் தகட்டில் குறித்துள்ள அழுத்தத்திற்கு ஏற்ற ரெகுலேட்டரையே பொருத்துதல் வேண்டும். வெடிப்போ தேய்வோ உள்ள ரப்பர் குழாயை விலக்குதல் வேண்டும்.
4. எல்லாத் திருகுகளும் மூடியிருக்கும் நிலையில் குழாயை இணைத்து, அதன்பின் சிலிண்டரின் வால்வைத் திறத்தல் வேண்டும்.
5. இணைப்புகள்மீது சோப்பு நீரைத் தடவுதல் வேண்டும். குமிழி தோன்றினால் கசிவு உண்டு. உடனே வால்வை மூடுதல் வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைச் சோதிப்பது பேராபத்து.
6. கசிவில்லை என உறுதி செய்த பின்னரே சுடரை ஏற்றுதல் வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையோரப் பள்ளங்களில் தேங்கும். இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை மூக்கு உணரும் பொருட்டே கெடுநாற்றம் தரும் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. அந்நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி.

காற்றோட்டமே காவல்

சுடர் எரியக் காற்று வேண்டும். காற்றுப் போதாத இடத்தில் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உணருமுன்னே அது குருதியில் கலந்து, உயிர்வளி உடலெங்கும் செல்வதைத் தடுத்துவிடும். எனவே, கூடாரத்தினுள்ளோ மூடிய ஊர்தியினுள்ளோ இப்பெட்டியை எரிவாயுவில் இயக்குதல் கூடாது. மழை பெய்யினும் குளிர் வாட்டினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

பழுதறிதல்

சுடர் பற்றவில்லை எனில், சிலிண்டர் தீர்ந்திருக்கலாம்; அல்லது குழாயில் காற்று நிறைந்திருக்கலாம். காற்று நீங்கும்வரை குமிழைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

குமிழை விட்டதும் சுடர் அணைந்தால், பாதுகாப்பு உணரி இன்னும் சூடேறவில்லை என்று பொருள். சிறிது நேரம் கூடுதலாக அழுத்தியும் அணைந்தால், பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். சுடர் அணையும்போது வாயுவை நிறுத்திக் காப்பது அவ்வுணரியே. அதனைக் கட்டிவைத்து ஏமாற்றுவது அறிவின்மை.

சுடர் நீலமாக இருத்தல் நலம். மஞ்சளாக எரிந்தால், எரிமுனையில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கலாம். உடனே அணைத்துவிடல் வேண்டும்.

சுடர் நன்றாக எரிந்தும் பெட்டி குளிரவில்லையெனில், அது சாய்ந்திருக்கிறதா, பின்புறம் காற்றோட்டம் உள்ளதா என நோக்குதல் வேண்டும். இப்பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதையும் மறத்தலாகாது. புறப்படுமுன்பே வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து எடுத்துச் செல்வோர் அறிவுடையோர்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வீசினால், வாயுவை மூடி விலகிச் செல்லுதல் வேண்டும். அக்குழாய்களைத் தாமே பழுது பார்த்தல் கூடாது.

பயணத்தில் எரிவாயு

ஊர்தி ஓடும்போது சுடரை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிடுதல் முறை. இந்தியத் தொடர்வண்டிகளில் பயணிகள் எரிவாயு சிலிண்டரைக் கொண்டு செல்வது குற்றமாகும். 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. விதியை மீறி எடுத்துவந்த சிலிண்டரே காரணம். இலக்னோவிலிருந்து திருத்தலப் பயணம் வந்த ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்கள் தேடியது காலைத் தேநீர், சூழ்ந்தது தீ. விதிகள் தடையாகத் தோன்றினும் அவை உயிர்காக்கும் வேலி.

நம் நாட்டில் எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906 என்னும் தொலைபேசி எண் உண்டு.

சொற்பொருள்
குளிர்பதனம் – குளிரூட்டிக் கெடாமல் காத்தல்
ரசமட்டம் – தளத்தின் சமநிலையைக் காட்டும் கருவி
உயிர்வளி – ஆக்சிஜன்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
நெடி – மூக்கை உறுத்தும் மணம்

இலக்கணம் அறிவோம்
எரிவாயு என்னும் சொல் எரிந்த வாயு, எரிகின்ற வாயு, எரியும் வாயு என முக்காலத்திற்கும் பொருந்தும். காலம் காட்டும் உறுப்பு மறைந்து வருவதால் இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுநீர், குடிநீர் என்பனவும் அவ்வாறே.

பயிற்சி
1. பெட்டி சாய்ந்திருந்தால் குளிராமைக்குக் காரணம் யாது?
2. கசிவைச் சோதிக்கத் தீக்குச்சியைப் பயன்படுத்தலாகாது. ஏன்?
3. "நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி" – விளக்குக.
4. பாடத்தில் இல்லாத வினைத்தொகைச் சொற்கள் மூன்றினை எழுதுக.
5. வீட்டுச் சமையலறையில் பின்பற்றவேண்டிய எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் ஐந்தினைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, தமிழில் எழுதி, அடுப்பருகே அனைவரும் காணும் சுவரில் ஒட்டுக.