இரத்த அழுத்தமும் இனத்தின் பெயரும்

அமெரிக்க ஜனத்தொகையில் எட்டில் ஒரு பங்கினரான கறுப்பின மக்கள், அந்நாட்டில் சிறுநீரகம் செயலிழந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினராக இருக்கிறார்கள். இத்துயரத்தைச் சூழ்ந்து வேரூன்றிவிட்ட சில நம்பிக்கைகள் சிகிச்சைக்கே தடையாக நிற்பதால், அவற்றை ஆராய்ந்து விலக்குவது அவசியமாகிறது.

நம்பிக்கை: சிறுநீரகத்தைக் கெடுக்கும் உயர் இரத்த அழுத்தம் கறுப்பினத்தாரின் பிறவிக்கூறு.

உண்மை: மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஏழு சமூகங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் 1997இல் வெளியிட்ட முடிவின்படி, இந்நோய் மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 16 பேரிடமும், கரீபியத் தீவுகளில் 26 பேரிடமும், அமெரிக்காவில் 33 பேரிடமும் காணப்பட்டது. ஒரே வம்சத்தாரிடம் தேசத்துக்குத் தேசம் இவ்வாறு இரட்டிக்கும் நோய்க்கு வாழ்க்கைச் சூழ்நிலையே பிரதான காரணமாதல் வேண்டும்.

நம்பிக்கை: சிறுநீரகத்தைப் பாதிக்கும் மரபணு உடையவருக்கு நோய் நிச்சயம்.

உண்மை: ஆப்பிரிக்கத் தூக்க நோயினின்று காக்கும் ஏபிஓஎல்1 மரபணு மாறுபாடுகள், சிறுநீரகத்துக்குத் தீங்கிழைக்கவும் கூடும் என்பது 2010இல் வெளிப்பட்டது. தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொன்றாக அவற்றைப் பெற்றவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தாரில் சுமார் 13 சதவீதத்தினர். அவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் செயலிழப்பதில்லை.

நம்பிக்கை: கறுப்பினத்தாரின் சிறுநீரகத் திறனுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

உண்மை: அவர்களுக்குத் தசை அதிகம் என்னும் அனுமானத்தால், தசைக் கழிவின் அளவைக் கொண்டு இத்திறனைக் கணித்த பழைய சூத்திரம் விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்கிற்று. 18 என்று வரவேண்டிய திறன் காகிதத்தில் 21ஐத் தாண்டிவிடவே, 20க்கு இறங்கினால்தான் தொடங்கும் மாற்றுச் சிறுநீரகக் காத்திருப்புக் காலம் அந்நோயாளிக்குத் தள்ளிப்போயிற்று. இந்த அநீதியை நீக்கிய புதிய சூத்திரம் 2021இல்தான் வந்தது.

நம்பிக்கை: அவர்களுடைய இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காது.

உண்மை: லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து 52 முடிதிருத்தும் நிலையங்களில், 319 கறுப்பின ஆடவரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. பழகிய கடைக்கே மருந்தாளுநர் வந்து, கையில் பட்டை சுற்றி அழுத்தத்தை அளந்து, மருத்துவரின் இசைவோடு மருந்தைக் கூட்டியும் மாற்றியும் கொடுத்த பிரிவினருக்கு, மேல் அழுத்தம் ஆறே மாதத்தில் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. மருந்தாளுநர் வராத மற்றப் பிரிவினருக்கு 9 புள்ளிகளே குறைந்தது.

மூன்று வகை மருந்துகள் கொடுத்தும் அழுத்தம் அடங்காதபோது, அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறதா என்று மருத்துவர் சோதிக்க வேண்டும். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இனத்தைக் காரணம் காட்டி எந்த நோயாளியையும் கைவிடுதல் தர்மமன்று.