கையெழுத்துப் போடாதே

கோலக் கங்சார்

அன்பு மருமகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வாயால் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் நீட்டிய ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. "நீயே விலகினால் உனக்குத்தான் நல்லது" என்பார்கள். நீயாக விலகினாய் என்று தாளில் ஏறிவிட்டால் ஆள்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஆறு வருஷம் உழைத்தவள் நீ. மாசம் நாலாயிரம் வெள்ளிக்குள் சம்பளம் வாங்கி, ஐந்து வருஷத்தைத் தாண்டியவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். உன் கணக்குக்கு 120 நாள். அதோடு 8 வார நோட்டீஸ், இல்லையென்றால் அதற்கு ஈடான பணம். இதெல்லாம் முதலாளியின் தயவு இல்லையம்மா, சட்டம்.

ஆள் கூடிப்போச்சு என்கிறார்களே, உன் வேலையையே செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்களா? அவர்களை நிறுத்திய பிறகுதான் உள்நாட்டவரை நிறுத்த வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல் கோபப்படாதே, கடன்பட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள். கேள்வி நிர்வாகத்துக்குத்தான்.

நிறுத்தியேவிட்டால், அன்றிலிருந்து நாளை எண்ணு. தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க 60 நாள்தான். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது என்னையும் ஒரு ஃபேக்டரியில் நிறுத்தினார்கள். "அடுத்த மாசம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று மேனேஜர் சொன்னதை நம்பி மூன்று மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவே இல்லை. விசாரித்தபோது கெடு தாண்டியிருந்தது. பதினோரு வருஷ வேலை. உன் அத்தை தாலிக்கொடியை அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அந்த நாள் உனக்கு வரக்கூடாது.

மனுக் கொடுக்கக் காசு கிடையாது. சமரசப் பேச்சில் முடியாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். பாக்கி ஓவர்டைம் பணத்துக்குப் போக வேண்டியது வேறு இடம், தொழிலாளர் இலாகா. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் வேலை இழந்தவருக்கான உதவித்தொகைக்கும் 60 நாள் கெடு உண்டு.

சம்பளச் சிலிப், பஞ்ச் கார்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதே, எல்லாவற்றையும் படமெடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கிள்ளான் வருகிறேன். திங்கள் காலையில் சேர்ந்தே தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். அதுவரை எந்தத் தாளை நீட்டினாலும், "மாமாவிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிடு.

உன் மாமா