மெழுகுவர்த்தி பிசினஸ்: மாசம் 10,000 ரூபாய் வருமா? கணக்கைப் பார்ப்போம்

சம்பளம் வருது, இ.எம்.ஐ. போகுது, மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல. சைடு வருமானத்துக்கு வழி தேடும்போது பலரும் கேட்கிற ஒண்ணு, வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்யலாமா என்பது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்களுக்காக இந்தக் கணக்கு.

ஒரு வர்த்தி 50 கிராம்னா, ஒரு கிலோ மெழுகில் 20 வரும். மெழுகு கிலோ 150 ரூபாய்னு வச்சுக்குவோம் (நீங்க வாங்குற விலையைப் போட்டுக்குங்க). ஒரு வர்த்திக்கு மெழுகு 7.50, திரியும் பேக்கிங்கும் 2 ரூபாய், கேஸ் 50 பைசா. ஆக 10 ரூபாய். பலர் இதோட நிறுத்திடறாங்க. உங்க வீட்டம்மாவோ அம்மாவோ உட்கார்ந்து செய்யற நேரத்துக்குக் கூலி யார் போடறது? 100 வர்த்திக்கு 4 மணி நேரம், மணிக்கு 75 ரூபாய்னா, வர்த்திக்கு இன்னொரு 3 ரூபாய்.

கடைக்காரர் 15 ரூபாய்க்கு எடுத்தா, கூலியும் லாபமும் சேர்த்து உங்களுக்கு 5 ரூபாய். மாசம் 10,000 வேணும்னா 2,000 வர்த்தி விக்கணும். அதுக்கு 80 மணி நேர வேலை! கடையில ஒரு மாசக் கடன் சொன்னா, 20,000 ரூபாய் அங்கேயே முடங்கும்.

சரி, 2,000 வர்த்தியை யார் வாங்குவாங்க? கரண்ட் போனா இப்போ இன்வெர்ட்டரும் போன் டார்ச்சும் இருக்கு. தேவாலயங்கள்ல தேவை இருக்கு: நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ், வில்லியனூர் லூர்து மாதா கோயில் மாதிரி இடங்கள். ஆனா அங்கே மொத்த வியாபாரிகளோட விலையில மோதணும்.

இன்னொரு வழி, வாசனை மெழுகுவர்த்தி. ஆரோவில்லோட பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்துலதான் இருக்கு. அங்கே 1976-ல் தொடங்கின மரோமா, ஊதுபத்தி, மெழுகுவர்த்தின்னு வாசனைப் பொருட்களாலேயே பேர் வாங்கினது. வாங்குறவங்க வெளிச்சத்துக்காக வாங்கறதில்லை, பரிசுக்காக வாங்கறாங்க. அதனால விலையில கொஞ்சம் இடம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஜாடியில ஊத்துற சோயா மெழுகு பல ரகம் 50 டிகிரிக்குள்ளேயே உருகிடும். நம்ம ஊர் மே மாசத்துல பூட்டின காருக்குள்ள வச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. தனியா நிக்கிற வர்த்திக்கு 58–60 டிகிரி பாரஃபின் கேட்டு வாங்குங்க. உருக்கும்போது நேரடித் தீ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்குங்க. மெழுகுல தீ பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. அடுப்பை அணைச்சு, மூடி போட்டு மூடுங்க.

ரெண்டு ஊரிலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனா அது வேற யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வித்தா, வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. எல்லை தாண்டி வித்தா முதல் ரூபாயிலேயே பதிவு கேட்பாங்க. கையால செய்யற கைவினைப் பொருளுக்கு நிபந்தனையோட விலக்கு உண்டு. சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க. வியாபார வருமானம் உங்க பேர்ல வந்தா ஐ.டி.ஆர்.-1 செல்லாது. கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வேற வேலை கூடாதுன்னு இருக்கான்னும் பாருங்க.

"மெஷின் வாங்குங்க, செய்யறதை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்"னு யாராவது சொன்னா, பர்சனல் லோன் போட்டு அதுல இறங்காதீங்க. அவங்க லாபம் மெஷின்லயே முடிஞ்சுடுது. சரக்கு எடுத்துட்டுப் போனா "தரம் சரியில்ல"ன்னு திருப்பி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அதுக்குப் பதிலா 5 கிலோ மெழுகு மட்டும் வாங்குங்க. 100 வர்த்தி ஊத்துங்க. செப்டம்பர் கடைசியில, கல்லறைத் திருநாள் ஆர்டர் போகறதுக்கு முன்னாடி, உங்க ஊர் தேவாலயப் பக்கத்துக் கடைகள்ல காட்டி விலை கேளுங்க. 13 ரூபாய்க்குக் கீழே கேட்டாங்கன்னா, அந்த 5 கிலோவோட விட்டுடலாம்.