டைரக்டரி ‘சரி’ என்றால் போதுமா?

அலுவலக நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி இருக்கிறது, புதிய இணையச் செயலியின் லாகினை அதனுடன் இணைத்துவிட்டால் பாதுகாப்புக் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதில் பாதி உண்மை. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருப்பதைவிட, எல்லாம் ஓரிடத்தில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் செயலி டைரக்டரியுடன் பேசும் எல்டாப் (LDAP) நெறிமுறையில் ‘பைண்ட்’ எனப்படும் சோதனை டைரக்டரியிடம் கேட்பது மிகச் சிறிய கேள்வி: இந்தப் பெயரும் இந்தக் கடவுச்சொல்லும் பொருந்துகின்றனவா? அதைக்கூடத் தவறாகக் கேட்க வழி உண்டு.

எல்டாப் 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. எக்ஸ்.500 டைரக்டரிகளில் உள்ள விவரங்களை எளிதாகத் தேடிப் படிப்பதற்கே அது வடிவமைக்கப்பட்டது. அடையாளம் காட்டாமல் படிப்பதும் அங்கே இயல்பான செயல். அதனால் பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், பல சர்வர்கள் அதை அடையாளமற்ற அணுகலாக எடுத்துக்கொண்டு ‘வெற்றி’ என்று பதில் தருகின்றன. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்க்கும் செயலி, மேலாளரின் பெயரை மட்டும் தட்டியவரை மேலாளராகவே உள்ளே விட்டுவிடும். எல்டாப் பாதுகாப்பு பற்றி 2006-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 4513 ஆவணம் இந்த ஆபத்தை வெளிப்படையாக எச்சரித்து, வெற்றுக் கடவுச்சொல்லைச் செயலியே மறுக்க வேண்டும் என்கிறது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டோமே என்பார்கள். பிரவுசரைத் தொடாமலே செயலியின் சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால், அந்தச் சோதனை அந்தச் சர்வரில் இருந்தால்தான் பயன். பெயர்க் கட்டத்தில் வரும் நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி போன்றவற்றையும், பயனரை டைரக்டரியில் தேடும் வடிகட்டியில் அப்படியே சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தேடலின் பொருளே மாறிவிடும்.

‘உள் நெட்வொர்க்தானே, யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்?’ என்பது அடுத்த வாதம். 389-ஆம் போர்ட்டில் குறியாக்கம் இல்லாமல் செய்யும் எளிய பைண்டில் கடவுச்சொல் வெட்டவெளிச்சமாகவே பயணிக்கிறது. வைரஸ் புகுந்த ஒரே ஒரு கணினி அதே நெட்வொர்க்கில் இருந்தாலும் அதைப் படிக்க வாய்ப்புண்டு. 636-ஆம் போர்ட்டோ ஸ்டார்ட்-டி.எல்.எஸ். முறையோ அவசியம். சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதும் அதே அளவு அவசியம். பிழைச்செய்தி வருகிறது என்று அந்தச் சரிபார்ப்பை அணைத்துவைப்பது, குறியாக்கம் செய்த கடவுச்சொல்லை யாரிடம் தருகிறோம் என்றே பார்க்காமல் தருவதாகும்.

வேலையை விட்டவரின் கணக்கை டைரக்டரியில் முடக்கியவுடன் எல்லாக் கதவும் மூடிவிடும் என்பதும் சரியல்ல. பைண்ட் நடப்பது லாகின் நேரத்தில் மட்டுமே. அதன்பின் செயலி நம்புவது தான் உருவாக்கிய செஷனை. காலையில் நுழைந்தவரின் கணக்கை நண்பகலில் முடக்கினாலும், அந்தச் செஷன் காலாவதியாகும்வரை அவர் உள்ளேயே இருப்பார். கணக்கின் நிலையை இடையிடையே மறுபடி கேட்பதும், முடக்கும்போதே செஷனை அழிப்பதும் செயலியின் வேலை. யாருக்கு எந்த அனுமதி என்பதையும் பைண்ட் சொல்லாது. அதைக் குழு உறுப்பினர் விவரத்திலிருந்து தனியே பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் சொந்தப் பயனர் பட்டியலே நல்லதில்லையா என்று கேட்கலாம். இல்லை. அங்கே இதே பிழைகளோடு கடவுச்சொல்லைச் சேமிக்கும் சுமையும் சேரும். ஆனால் பைண்ட் முறையின் அடிப்படைக் குறை ஒன்றை மறைக்கக் கூடாது: ஊழியரின் மின்னஞ்சலையும் கோப்புகளையும் திறக்கும் அதே கடவுச்சொல் ஒவ்வொரு செயலியின் கையிலும் ஒரு கணம் தங்கிப் போகிறது. கவனமின்றி எழுதிய ஒரு செயலி ஹேக் ஆனால், அதில் லாகின் செய்யும் ஒவ்வொருவரின் கடவுச்சொல்லும் களவாடப்படலாம். கெர்பரோஸ், எஸ்.ஏ.எம்.எல்., 2014-ல் வந்த ஓபன்-ஐடி கனெக்ட் ஆகிய முறைகளில் செயலி கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. புதிதாகத் தொடங்குவோர் அவற்றைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஏற்கெனவே பைண்டை நம்பி இயங்கும் செயலியைப் பராமரிப்பவர்கள், சோதனைச் சர்வரில் சரியான பெயரும் வெற்றுக் கடவுச்சொல்லும் கொண்ட கோரிக்கையைப் பிரவுசரைத் தவிர்த்து இன்றே அனுப்பிப் பாருங்கள். உள்ளே விட்டால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.