ஓவியத்தின் உள்முகம் காட்டும் ஊடுகதிர்

செஞ்சிக் கோட்டையினுள் 1717-18 இல் எழுப்பப்பெற்ற சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் வரலாற்றை அதன் பாரசீகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கல்லில் பொறித்ததைக் கண்ணால் படிக்கலாம். வண்ணப்பூச்சின் அடியில் மறைந்ததைப் படிப்பது எங்ஙனம்? அறிவியல் தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

சாதத்துல்லா கானுக்குப் பின்னர் ஆர்க்காட்டு நவாபாக விளங்கியவருள் ஒருவர் முகம்மது அலி வாலாஜா. 1769 இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் என்னும் ஆங்கில ஓவியர் அவருடைய உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அக்கால ஐரோப்பிய ஓவியர் வெண்மைக்குப் பெரிதும் கையாண்டது ஈயவெள்ளை. ஈயம் கனமான தனிமம். ஊடுகதிர் எனப்படும் எக்ஸ் கதிரை அது தடுத்துவிடும். காவி முதலிய மண் நிறங்களோ கதிரைப் பெரிதும் ஊடுருவ விடும். ஆதலின் எக்ஸ்ரே படத்தில் ஈயவெள்ளை உள்ள இடம் வெளிறியும், ஏனைய இடங்கள் கறுத்தும் தோன்றும். ஓவியர் முதலில் வரைந்து பின் மாற்றிய கையின் நிலை, கிழிந்து ஒட்டப்பட்ட துணி, பிற்காலத்தார் செய்த திருத்தம் ஆகியன இவ்வாறு வெளிப்படும். ஓவியத்திற்கோ ஊறு நேர்வதில்லை.

ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தது 1895 இல். மறு ஆண்டே ஜெர்மனியில் ஓவியம் ஒன்று இக்கதிரால் ஆராயப்பட்டது. 2022 இல் ஸ்காட்லாந்து தேசியக் காட்சிக்கூடத்தார், வான் கோ தீட்டிய உழவர் குலப் பெண்ணின் படத்தை ஊடுகதிரால் ஆராய்ந்தனர். அதன் பின்புறத்தில், பசைக்கும் அட்டைக்கும் அடியில், அவர் தம்மையே வரைந்ததாகக் கருதப்படும் உருவம் புலப்பட்டது.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. கரிமையால் வரைந்த கோடு ஊடுகதிரில் தெளிவாகத் தோன்றாது. அதற்கு அகச்சிவப்புக் கதிர் வேண்டும். தடித்த கற்சுவரின் மீதுள்ள ஓவியத்திற்கும் ஊடுகதிர் எளிதில் உதவாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தது, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களைக் கூர்ந்து நோக்கியே. பின்னர்ச் சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவ்வோவியங்களின் சுதையையும் நிறங்களையும் ஆராய்ந்தார். தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களை அழியாவண்ணம் பெயர்த்தெடுத்து, வேறு பலகைகளில் பதித்துக் காத்தனர். செஞ்சி வட்டாரத்தைச் சார்ந்த பனைமலைக் கோயிலிலும் பல்லவர் கால ஓவியம் சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளது.

கருவி எதுவாயினும், ஆராய்வதற்கு ஓவியம் எஞ்சியிருத்தல் வேண்டும். பள்ளிவாசல், தர்கா, கோயில், பழைய இல்லம் ஆகியவற்றின் சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்குமுன் நம் பெரியோர்கள் அறிஞரைக் கலந்து கொள்வார்களாக! மங்கிய உருவப்படத்திற்குப் புதுவண்ணம் ஏற்றுவதையும் தவிர்ப்பார்களாக! மாணவர்கள் தத்தம் ஊரில் உள்ளவற்றை நிழற்படம் எடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். மறைந்திருப்பதை ஒருநாள் ஒளிக்கதிர் காட்டலாம். சுரண்டி எறிந்ததை எக்கதிரும் காட்டாது.